சம்பாவுக்கு மழைக் கணக்கு: பூக்கும் நாளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்

காவிரி டெல்டாவில் சம்பா போடுகிறவர் ஆடி முடிவதற்குள் தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கார்த்திகையில் மழை கொட்டும்போது என் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கும்? இதற்குப் பதில் இல்லாமல் விதை வாங்கப் போகிறவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம். மழை வருமா, எவ்வளவு வரும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. ரகமும் விதைக்கும் தேதியும் முழுக்க நம் கையில் இருக்கின்றன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது, பிறகு தை வரை வானத்தைப் பார்த்து எதை எப்போது செய்வது என்பதை, மன்னார்குடிக்குத் தெற்கே பாமணியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்கிற என் வயலை வைத்துச் சொல்கிறேன். என் நிலத்தில் பாதி களி, பாதி மணல் கலந்தது. இரண்டும் மழைக்கு வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பதால் சொல்வதற்கு வசதி.

மழையின் குணம்

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலச் சராசரி சுமார் 44 சென்டிமீட்டர். டெல்டாவின் கடலோரத்துக்கு இதைவிடக் கணிசமாக அதிகம். அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் பயிரைச் சாய்ப்பது தொடக்க மழை அல்ல. நாகப்பட்டினத்தைத் தாக்கிய பழைய புயல்களின் தேதிகளைப் பாருங்கள்: 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12. நிஷா 2008 நவம்பர் கடைசி வாரம். ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் கொட்டியது அப்போதுதான். கஜா 2018 நவம்பர் 16. புரெவி 2020 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் கரையைக் கடந்தது 2024 நவம்பர் 30. டெல்டாவில் இளம் சம்பாவை மூழ்கடித்த மழை அதற்குச் சில நாள் முன்னரே பெய்துவிட்டது. நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் பத்து வரைதான் நமக்குக் கண்டம். அதைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் உண்டு. 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்தது. கடைமடையில் பயிர் பாளம் பாளமாக வெடித்த வயலில் கருகி நின்றது. 2023இல் மேட்டூரை வழக்கம்போல ஜூன் 12 அன்று திறந்தார்கள்; தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10 அன்றே மூடினார்கள். 2024இல் திறந்ததே ஜூலை 28. அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆடிப்பெருக்கு முடிந்ததும் அணையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், சம்பாவுக்கு ஆற்றை நம்பலாமா அல்லது மழையைத்தான் நம்ப வேண்டுமா என்பது ஓரளவு பிடிபடும்.

இடையில் ஒன்று. எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிறது என்று செய்தி வந்ததும் வறட்சி வரப்போகிறது என்று கையைப் பிசைகிறவர்கள் இருக்கிறார்கள். அது தென்மேற்குப் பருவமழைக்குப் பொருந்துகிற பேச்சு. வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் சாதகமாகவே இருந்திருக்கிறது. 2015 அப்படிப்பட்ட ஆண்டு. அதற்கு நேரெதிராக அந்தக் கடல் குளிர்கிற லா நினா ஆண்டில் நமக்குக் குறையும் என்பார்கள். 2016 அதற்குச் சாட்சி சொல்லும், 2021 அதை மறுத்துவிடும். ஆகவே இந்தச் செய்தியை வைத்து ரகத்தை மாற்றாதீர்கள். ஆனால் எல் நினோ ஆண்டில் கர்நாடகத்தில் மழை குறைந்து மேட்டூருக்கு வரத்து குறையலாம். நம்மைத் தொடுவது அந்த வழியில்தான்.

பின்னோக்கி எண்ணுவது

நெல்லின் வயது, அதாவது விதைத்ததிலிருந்து அறுவடை வரை உள்ள நாள், எவ்வளவாக இருந்தாலும் கடைசி இரண்டு பருவங்களின் நாள்கணக்கு பெரிதாக மாறுவதில்லை. பூத்ததிலிருந்து அறுவடை வரை ஏறக்குறைய 30 நாள். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூப்பது வரை 30 முதல் 35 நாள். 110 நாள் ரகத்துக்கும் 155 நாள் ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும், அடியிலிருந்து கிளைத்துத் தூர் கட்டும் காலத்தில்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் கணக்கு எளிது.

பூ எப்போது வர வேண்டும்? நெல் காலை ஒன்பது மணி வாக்கில் வாயைத் திறந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கழுவிப் போய்விடும். கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே பதர். அதனால் டிசம்பர் 12க்கு முன்பு பூ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28 அன்று மூடுவார்கள். பூத்த பிறகு இருபது நாளாவது ஈரம் வேண்டும் என்றால், ஜனவரி 8 வாக்கில் பூத்து முடித்திருக்க வேண்டும். ஆக நமக்குக் கிடைப்பது டிசம்பர் 12 முதல் ஜனவரி 8 வரை உள்ள ஒரு சந்து. போர்வெல் வைத்திருப்பவருக்குப் பின்பக்கம் கொஞ்சம் தாராளம் உண்டு.

டிசம்பர் 18 அன்று பூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வயதிலிருந்து 30ஐக் கழித்து, அத்தனை நாள் பின்னால் போங்கள். சி.ஆர். 1009 சப் 1க்கு வயது சுமார் 155. 125 நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 15. ஆடுதுறை 46க்கு 135; செப்டம்பர் 4. டி.கே.எம். 13க்கு 130, செப்டம்பர் 9. அந்தத் தேதிகளில் விதை நாற்றங்காலில் விழ வேண்டும்.

தப்பு நடக்கிற இடம் இதுதான்: ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் 130 நாள் ரகத்தை ஆகஸ்ட் 15 அன்றே விட்டுவிடுவார்கள். எண்ணிப் பாருங்கள், நவம்பர் 23 அன்று பூக்கும். கண்டத்தின் நட்டநடுவில். சீக்கிரம் போடுவது நல்லது என்பது எல்லா ரகத்துக்கும் பொருந்தாது. சீக்கிரம் தண்ணீர் வந்தால் நீண்ட வயது ரகம், தாமதமாக வந்தால் மத்திய வயது ரகம் என்று மாற்றிக்கொள்ளத் தெரிய வேண்டும். தேதியை மட்டும் மாற்றி ரகத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பி.பி.டி. 5204தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். அதற்குக் குலைநோய் என்கிற பூஞ்சை நோய் வேறு சீக்கிரம் வரும் என்பதைச் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

110 நாள் ரகத்துக்கும் எண்ணினால் செப்டம்பர் 29 வருகிறது. பூ தப்பிக்கும், ஆனால் ஐப்பசி முதல் மழையில் ஒரு சாண் உயரம்கூட இல்லாத நாற்று வயலில் நிற்கும். குறுவை அறுத்த பிறகு தாளடி நடுகிறவர்களுக்கு வேறு வழியில்லை. வழியுள்ளவர்கள் பள்ளக்காலில் இதைச் செய்யாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் நேரடி விதைப்பும் உண்டு. ஆவணித் தூறலை நம்பிப் புழுதியில் விதைத்துவிட்டால் மழை வருவதற்குள் பயிருக்கு வேர் பிடித்துவிடும், நடவுக் கூலியும் மிச்சம். நட்ட பயிரைவிட ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக முற்றும். எண்ணும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள். களை பெரிய தலைவலி என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தண்டைப் பிளந்து பாருங்கள்

கணக்கு காகிதத்தில் இருக்கும், பயிர் வயலில் இருக்கும். மேகமூட்டமும் நடவு தாமதமும் சில நாளை முன்னே பின்னே தள்ளிவிடும். அதனால் பூ வரவேண்டிய நாளுக்கு ஐந்து வாரம் முன்பிருந்து பயிரைக் கேட்க வேண்டும். வரப்பிலிருந்து பத்தடி உள்ளே போய், ஒரு குத்தில் இருப்பதிலேயே தடித்த தாய்த்தூரைப் பிடுங்குங்கள். வேரைக் கழுவிவிட்டு, பிளேடால் அடியிலிருந்து மேலாக நேர்க்கோட்டில் பிளந்து விரியுங்கள். மேல் கணுவுக்குச் சற்று மேலே பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில், வெள்ளையாக, நுனியில் பஞ்சு ஒட்டியது போன்ற ஒரு கூர்மை தெரிந்தால் கதிர் உருவாகிவிட்டது. ஒன்றும் இல்லாமல் இலைச்சுருள் மட்டும் இருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. வயலின் நான்கைந்து இடங்களில் பாருங்கள். பாதிக்கு மேல் அந்தப் பஞ்சு நுனி தெரிந்தால் அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு 30, 35 நாள் கூட்டுங்கள். பூ நாள் கிடைத்துவிடும். கதிர் உரம் போட வேண்டியதும் அன்றைக்குத்தான்.

உரத்துக்கும் மழைக்கும் ஒரு சொல். மறுநாள் கனமழை என்ற அறிவிப்பு இருக்கும்போது யூரியா வீசுவது வடிகாலுக்கு உரம் போடுவதுதான். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் பயிர் கோபித்துக்கொள்ளாது. பொட்டாஷைக் குறைக்காதீர்கள், தண்டுக்குத் தெம்பு கொடுத்துச் சாயாமல் நிறுத்த உதவுவது அது.

டின் ஒன்று, நோட்டு ஒன்று

வானிலை அறிக்கை மாவட்டத்துக்குப் பேசும். மாவட்டத்தின் ஒரு முனையில் 20 சென்டிமீட்டர் பெய்து, இன்னொரு முனையில் மண் நனையாமல் போவது இங்கே சாதாரணம். உங்கள் வயல் மழையை நீங்கள்தான் அளக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அகலம் உள்ள டின் போதும். மரமும் கூரையும் இல்லாத இடத்தில், ஆடாதபடி வைத்து, காலை எட்டரை மணிக்கு அடிக்கோலைச் செங்குத்தாக விட்டு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையும் எட்டரைக்குத்தான் நாளை முடிக்கிறது என்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்கு ஏறத்தாழ 4,000 லிட்டர். பத்து சென்டிமீட்டர் மழை என்றால் நான்கு லட்சம் லிட்டர் உங்கள் ஒரு ஏக்கரில் நிற்கிறது. அது எந்த மடை வழியாக வெளியேறப் போகிறது என்பதைப் புரட்டாசியிலேயே யோசித்துவிட வேண்டும்.

அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர். மிகக் கனமழை 20 வரை. அதற்கு மேல் அதி கனமழை. நான் இதை இப்படிப் பயன்படுத்துகிறேன்: கனமழை என்றால் வயல் தண்ணீரை இரண்டு விரல் ஆழத்துக்கு இறக்கிவைப்பேன். மிகக் கனமழை என்றால் முழுவதும் வடித்து, மடையைத் திறந்தே விடுவேன். பெய்யாமல் ஏமாற்றினால்? களி வயல் ஒரு வாரம் தாங்கும். மணல் வயலில் மூன்றாம் நாளே தண்ணீர் கட்ட வேண்டியிருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாத ஆண்டில் மணல் வயலை மட்டும் வடிக்காமல் விட்டுவிடுவேன்.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். புயல் காலத்தில் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அதைவிட நம்பகமானது கிடையாது; மருந்து அடிக்கலாமா என்ற முடிவுக்கு அது போதும். பத்து நாளுக்கு அப்பால் இந்தத் தேதியில் புயல் என்று யாராவது வீடியோ போட்டால், பார்த்துவிட்டு உங்கள் வேலையைக் கவனியுங்கள்.

வடிகாலைப் பற்றி நிறையப் புலம்பலாம். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வாய்க்காலுக்குப் பக்கத்தில் எவ்வளவு நல்ல ரகம் போட்டாலும் பயனில்லை. பொது வடிகாலுக்கு மனு கொடுங்கள். உங்கள் வயலிலிருந்து அதுவரை உள்ள கன்னி வாய்க்காலை மழைக்கு முன்பே பக்கத்து வயல்காரர்களோடு சேர்ந்து வெட்டிவிடுங்கள். மூழ்கிய பிறகு எல்லோரும் ஒரே நாளில் மண்வெட்டியோடு வருவதில் சண்டைதான் மிச்சம்.

மூழ்கிவிட்டால்

சப் 1 என்று பெயரில் உள்ள ரகங்கள் தூர் கட்டும் பருவத்தில் முழுவதும் மூழ்கி இரண்டு வாரம் வரை கிடந்தாலும் மீண்டு வரக்கூடியவை. ஒடிசாவின் எஃப்.ஆர். 13 ஏ என்ற நாட்டு நெல்லிலிருந்து வந்த குணம் அது. தண்ணீருக்குள் இருக்கும்போது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமித்துக்கொள்ளும். மற்ற ரகங்கள் மூச்சுக்காகத் தண்ணீருக்கு மேலே எட்டப் பார்த்து, இருந்த சத்தையெல்லாம் செலவழித்துச் சோர்ந்து சரியும். ஆனால் பூக்கும் பருவத்தில் மூழ்கினால் சப் 1ஆலும் ஒன்றும் செய்ய முடியாது. கலங்கல் தண்ணீரில் தாங்கும் நாளும் குறையும்.

தண்ணீர் வடிந்த மறுநாளே உரமூட்டையைப் பிரிக்காதீர்கள். இரண்டு மூன்று நாளில் புதுக் குருத்து பச்சையாகத் தலைகாட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுங்கள். வேளாண்மைத் துறை சொல்லும் இந்த அளவு களி வயலில் நன்றாகவே வேலை செய்கிறது. வேர் அழுகல் இருந்து உரத்தை எடுக்காத பயிருக்கு இலைவழி கொடுக்க வேண்டும்: 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட். குருத்து வராத இடத்தில், அடர்த்தியாக உள்ள குத்துகளைக் கலைத்து எடுத்து வழிநடவு செய்யுங்கள், அதாவது காலியான இடத்தில் நடுங்கள். புது நாற்று வாங்கி நட்டால் ஒரே வயலில் இரண்டு வயது பயிர் நிற்கும். அறுவடையில் அழவேண்டி வரும்.

பயிர்க் காப்பீட்டுக்கு இதற்குள் பதிவு செய்திருக்க வேண்டும். சம்பாவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் நகல்களை அக்டோபரிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இழப்பீடு பெரும்பாலும் கிராம அளவு மகசூலை வைத்துத்தான் கணக்கிடப்படும். உங்கள் வயல் மட்டும் மூழ்கினால் என்ன விதி என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்கழிப் பனி

மழை விட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில்தான் குலைநோய் வரும். இரவில் குளிர், விடிந்து வெகுநேரம் இலையில் பனி, பகலில் மேகமூட்டம் என்று நான்கைந்து நாள் சேர்ந்து அமைந்தால் இலையில் கண் வடிவப் புள்ளிகளைத் தேடுங்கள். தழைச்சத்தை அதிகம் தின்ற கரும்பச்சைப் பயிரில்தான் முதலில் தெரியும். அப்படிப்பட்ட வாரத்தில் யூரியாவைத் தொடவே கூடாது. விதைக்கும்போது விதை கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கலந்திருந்தால் பாதிக் கவலை குறையும்.

தூரின் அடியில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கு வேண்டியது அடர்த்தி, புழுக்கம், தேங்கிய தண்ணீர். நடும்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டால் காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போகும். குனிந்து தூரைத் தட்டிப் பாருங்கள். தண்ணீரில் பூச்சி சிதறி விழுந்தால் முதலில் மடையைத் திறங்கள், மருந்துக்கடை பிறகு.

தை மழை

தையில் மழை வராது என்று எழுதி வைத்ததெல்லாம் பழைய கணக்கு. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரி முதல் வாரத்திலும் அறுக்க நின்ற சம்பா வயலிலேயே படுத்தது. கதிர் முற்றியதும் தண்ணீரை வடித்து மண்ணை இறுகவிடுங்கள். மழை வந்தாலும் அறுவடை வண்டி இறங்கும். ஈர வயலில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான் ஓடும், வாடகை கூடும். அறிக்கை மோசமாக இருந்து, பத்து நெல்மணியில் எட்டு பழுத்திருந்தால் மீதிக்குக் காத்திருக்காமல் அறுத்துவிடுவேன். சாய்ந்த பயிரை உடனே அறுக்க முடியாவிட்டால், பத்து லிட்டருக்கு அரைக் கிலோ கல் உப்பு கரைத்துக் கதிரில் தெளித்தால் முளைப்பது கொஞ்சம் தள்ளிப்போகும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம்தான் வழக்கமான வரம்பு. மழை ஆண்டுகளில் தளர்வு கேட்டு அரசு எழுதும், மத்தியக் குழு வரும், உத்தரவு வரும். அதற்குள் குவியலில் நெல் சூடேறி முளை கட்டிவிடும். தார்ப்பாய்களைத் தைக்கு முன்பே வாங்கி வையுங்கள். குவியலைப் பகலில் திறந்து ஆற்றி, மாலையில் மூடுங்கள். நாள் முழுவதும் மூடியே வைத்தால் உள்ளே வியர்க்கும்.

உளுந்து தெளிப்பதாக இருந்தால் அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு நிற்கும் பயிரிலேயே தெளிக்க வேண்டும். ஆடுதுறை 3 என்றால் ஏக்கருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. வயலில் காலை வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் இரண்டு நாள் பொறுத்துத் தெளியுங்கள். அடுத்த மூன்று நாளில் மழை என்று அறிக்கை சொன்னால் விதையைக் கோணியிலேயே வைத்திருங்கள். தேங்கிய தண்ணீரில் உளுந்து ஒரே இரவில் அழுகிவிடும்.